ராத்தா கொடுத்த ஐந்தாவது பால்

தந்தவனும் எடுத்தவனும் அல்லாஹ் ஒருவனே. அந்த நினைவோடு இதை எழுதத் தொடங்குகிறேன்.

எங்கள் ராத்தா, என் அக்கா, எங்களை விட்டுப் பிரிந்து நாளை மறுநாளோடு ஒரு வருடம் நிறைகிறது. யாசீனும் துஆக்களும் அடங்கிய இந்தச் சிறிய புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ராத்தாவின் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதச் சொல்லி உம்மா என்னைக் கேட்டார்கள். நினைவு மலர் போடுவது நமக்குள் அவ்வளவு வழக்கமில்லையே என்று உம்மாவின் தம்பியான மாமா முதலில் தயங்கினார்கள். எழுதி முடித்த தாள்களைக் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்து, "இதப் போடத்தான் வேணும்" என்றார்கள். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது கடைசியில் உங்களுக்குப் புரியும்.

நான் வைத்தியசாலை ஆய்வுகூடமொன்றில் வேலை செய்பவள். நடந்ததை நடந்த வரிசையில் எழுதித்தான் எனக்குப் பழக்கம். அப்படியே எழுதுகிறேன்.

ராத்தாவைப் பற்றிக் கதைக்கிற எல்லோரும் அவர் துணிந்தவர் என்கிறார்கள். கூடவே வளர்ந்தவள் என்ற முறையில் அதைத் திருத்த வேண்டியிருக்கிறது. ராத்தா பயந்தவர். எனக்குத் தெரிந்த அவருடைய பயங்கள் இவை. கடல் இரைச்சல் கூடினால் பயம். குழந்தை வழக்கத்தைவிட அதிக நேரம் உறங்கினால் பயம். மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பார். குழந்தை அழுதால் பயம், அழாவிட்டால் அதைவிடப் பயம். தொலைபேசி இரண்டு முறை அடித்து நின்றுபோனால் பயம். ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டால், அதைக் காப்பாற்ற முடியாமல் போய்விடுமோ என்ற பயம் எல்லாவற்றிலும் பெரியது. இத்தனை பயத்தோடும்தான் அவர் செய்ய வேண்டியவற்றைச் செய்தார்.

ராத்தா கல்முனையில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த ஓலை வேலி வளவொன்றில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் மூத்தவர். அவருக்குப் பின் என் அண்ணன், நாங்கள் சொல்வது காக்கா; கடைசியாக நான். வாப்பா கரைவலைக்குப் போனவர்கள். சுனாமி வந்த காலையில் ராத்தாவுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஆறு. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு காக்காவின் கையைப் பிடித்து இழுத்தபடி பெரிய வீதி வரைக்கும் ஓடியவர் ராத்தாதான். உம்மா பின்னால் ஓடி வந்தார்கள். வாப்பா தோணியைப் பார்க்கத் திரும்பிப் போனார்கள். பிறகு வரவில்லை.

அதன் பின் பாடசாலைக் கட்டடம், தகரக் கொட்டில், கடைசியாக இப்போதிருக்கும் மாடி வீட்டுத்திட்டம். ராத்தா சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தார். ஆனால் மேலே படிக்கவில்லை. அபாயா தைக்கும் கடையொன்றுக்கு வீட்டிலிருந்து தைத்துக் கொடுத்தார். என்னை உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவில் சேர்த்ததும், பிறகு ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படிக்க அனுப்பியதும் அந்தத் தையல் மெஷின்தான். எங்களுக்குள் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்து வைப்பார்கள். வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைக்கப் பிந்தியதால் ராத்தாவின் கல்யாணமும் பிந்தியது. இருபத்தேழாவது வயதில், முச்சக்கரவண்டி ஓட்டும் எங்கள் மச்சானோடு நிக்காஹ் நடந்தது. காக்கா பக்கத்து மாடியில் மதினியின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனார். மதினியின் உம்மாவை நாங்கள் மாமி என்போம்.

ராத்தாவின் முதல் பிள்ளை ஒரு மகள். அந்தப் பிள்ளையைப் பற்றி நம் குடும்பத்தில் யாரும் கதைப்பதில்லை. இங்கே நான் கதைக்க வேண்டும்.

பிள்ளை ஒவ்வொரு நாளும் மாலையில் விடாமல் அழுதது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பால் பத்தவில்லை என்றார்கள். சின்னக் குழந்தைகள் மாலையில் அழுவது வழக்கம் என்பதும், பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும் என்பதும் அந்த அறையில் இருந்த எவருக்கும் தெரியாது. போத்தல் வந்தது. போத்தல் குடித்த பிள்ளை மார்பில் குடிப்பதைக் குறைத்தது, அதனால் பால் உண்மையிலேயே குறைந்தது. தண்ணீர் மொட்டைமாடித் தாங்கியிலிருந்து வந்தது. கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம் என்று நினைத்தோம். சூடாக்கினோம், கொதிக்க வைக்கவில்லை. ஆறாவது கிழமை வயிற்றோட்டம் தொடங்கியது. இரண்டு நாள் கைமருந்து செய்தோம். மூன்றாம் நாள் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது உச்சிக்குழி பள்ளமாகியிருந்தது, அழுத கண்ணில் நீர் வரவில்லை. அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன் பிள்ளை எங்களை விட்டு மௌத்தாகிவிட்டது.

நான் அப்போது இரண்டாம் வருட மாணவி. ஏழாம் நாள் முடிந்து விருந்தினர் போன பிறகு ராத்தா என்னிடம் கேட்டார்.

"தங்கச்சி, நான் என்னத்தப் பிழையாச் செஞ்ச?"

நான் சொன்னேன். போத்தல், தண்ணீர், பிந்திய இரண்டு நாள். விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். பதிலில் பிழை இல்லை. சொன்ன நேரம் பிழை. சில மாதங்கள் ராத்தா என்னோடு தேவைக்கு மட்டுமே கதைத்தார்.

பிறகு ஒருநாள் தானாகவே வந்து, அன்று சொன்னதைத் தாளில் எழுதித் தரச் சொன்னார். அதை அடுப்படிச் சுவரில் ஒட்டினார். எங்கள் பகுதிக்கு வரும் மருத்துவமாதுவிடம் கேட்டுத் தாய்மார் ஆதரவுக் குழுவில் சேர்ந்தார். பிள்ளை பெற்ற வீடுகளுக்கு அவர் மாலை நேரத்தில்தான் போவார். பிள்ளை அழும் நேரம் அதுதான், யாராவது போத்தலுக்கு ஓடும் நேரமும் அதுதான். தாயின் பக்கத்தில் இருந்து, பிள்ளையின் வாயைச் சரியாக மார்பில் வைத்துக் கொடுத்து, அழுகை அடங்கும் வரை இருந்துவிட்டு வருவார். ஒருமுறை படிக்கட்டில் ஒரு பெண், ராத்தாவின் காதில் விழும்படியே சொன்னார்: "தன்ட புள்ளைய வளக்கத் தெரியாதவ நமக்குப் படிப்பிக்க வந்திரிக்கா."

"ஓங்கா, அதாலதான் வந்திரிக்கன்" என்றார் ராத்தா. சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போனார்.

மூன்று வருடங்களின் பின் மகன் அய்மன் பிறந்தான். மூன்று கிழமை கழித்து காக்காவுக்கு நுஹா பிறந்தாள். பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற வருடம் அது. மண்ணெண்ணெய் இல்லாமல் தோணிகள் கரையில் கிடந்தன. காக்கா கடலுக்குப் போகவில்லை, மச்சானின் வண்டி வாரத்தில் இரண்டு நாள் ஓடினால் பெரிது. நாங்கள் பாணும் பருப்பும் சாப்பிட்டோம்.

நுஹா பிறந்த அன்று வைத்தியசாலையில் ராத்தா ஒரு வார்த்தை சொன்னார். இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாமே அந்த வார்த்தையால் வந்தவை. மாமிக்கு இரண்டு பெண்பிள்ளைகள். இருந்த ஒரே வீட்டை மூத்தவரான மதினிக்குக் கொடுத்தாகிவிட்டது. இளையவருக்குக் கொடுக்க வீடில்லை. வந்த சம்பந்தங்கள் எல்லாம் அதனாலேயே திரும்பிப் போயின. இப்போது பேரப்பிள்ளையும் பெண். மாமி பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு வாடிய முகத்தோடு இருந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் ராத்தா சொன்னார்: "மாமி, இது என்ட மருமகள். வீடும் ஒண்ணா, வளவும் ஒண்ணா. உடுத்த உடுப்போட தாங்க."

வீடும் வேண்டாம், வளவும் வேண்டாம் என்றதைக் கேட்டு வார்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது கிழமை மதினிக்கு மார்பில் கட்டி வந்தது. கடும் காய்ச்சல். வெட்டிச் சீழ் எடுத்தார்கள். சாப்பாடும் போதாது, பால் வற்றிப் போனது. கடைகளில் குழந்தைப் பால்மா இல்லை. காக்கா மூன்று ஊர் சைக்கிளில் திரிந்து ஒரு பெட்டி கொண்டு வந்தார். அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் மாமி அந்தப் பெட்டியை நீட்டத் தொடங்கினார். மூன்று கரண்டி போட வேண்டிய போத்தலுக்கு ஒன்று போட்டார். நாலைந்து நாளில் அதுவும் அரைக் கரண்டி ஆனது, மிச்சத்துக்குக் கஞ்சித் தண்ணீர்.

ராத்தா பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த அன்று சோற்றில் கை வைக்கவில்லை. "தொடையில சதை இல்ல தங்கச்சி. தோல் மடியிது" என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் நானும் கூடப் போனேன். ராத்தா சுற்றி வளைக்காமல், தானே நுஹாவுக்கும் பால் கொடுப்பதாகச் சொன்னார்.

மாமி போத்தலைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "ஆசுபத்திரியில எல்லாரும் கேக்கச் சொன்ன நீங்கதானே, இது என்ட மருமகள் எண்டு. இப்ப பால் குடுத்தா அது உங்கட மகள். அய்மனுக்குத் தங்கச்சி. மறுகா எப்பிடிக் கட்டி வைக்கிற?"

"மாமி, புள்ள இரிந்தாத்தானே கலியாணம்."

"வாயக் கழுவுங்க புள்ள. அல்லாஹ் காப்பாத்துவான். நானும் ரெண்டயும் கஞ்சித் தண்ணியிலதான் வளத்தெடுத்த."

மதினி பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். காக்கா வாசலில் நின்றார். மாமியாரின் வீட்டில் இருக்கும் மாப்பிள்ளை அவர். அங்கே அவருடைய சொல்லுக்கு எவ்வளவு இடம் என்று அவருக்குத் தெரியும்.

இதை வாசிக்கும் இளையவர்களுக்காக விளக்கமாக எழுதுகிறேன். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை வேறொரு தாயிடம் வயிறாரப் பால் குடித்தால், அந்தத் தாய் அதற்குப் பால்தாய். அவளுடைய பிள்ளைகள் அதற்குக் கூடப்பிறந்தவர்கள். அவர்களுக்குள் ஒருபோதும் நிக்காஹ் ஆகாது. ஐந்து தடவை வெவ்வேறாக, வயிறாரக் குடித்தால்தான் அந்த உறவு உண்டாகும் என்பது நாம் பின்பற்றுகிற சட்டம். நம் ஊரில் இது தெரியாத பெண் இல்லை. மாமி பொல்லாதவர் அல்ல. வீடில்லாமல் ஒரு மகள் கல்யாணமாகாமல் குமராக இருப்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர். பேத்திக்குக் கிடைத்த ஒரே வழியை அடைக்கப் பயந்தார். அவருடைய பயமும் ராத்தாவின் பயமும் ஒரே பிள்ளைக்காகத்தான்.

எங்கள் மாடியில் பால் கொடுக்கும் இன்னொரு தாயும் இருந்தார். அவருடைய கணவர், பிற்காலத்தில் யார் யாருக்கு உறவு என்று நினைவு வைத்திருப்பது தன்னால் ஏலாது என்று மறுத்துவிட்டார்.

படியிறங்கும்போது நான் ஒரு யோசனை சொன்னேன். ராத்தா ஒரு கோப்பையில் பாலைக் கறந்து தந்தால், நான் இரகசியமாக மதினியிடம் கொடுத்துவிடுகிறேன், மாமிக்குத் தெரியத் தேவையில்லை என்றேன். கோப்பையில் கொடுத்தாலும் அதே சட்டம்தான் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் பிள்ளையின் தொடைதான் கண்ணுக்குள் நின்றது.

ராத்தா படியில் அப்படியே நின்றுவிட்டார். "தெரியாமக் குடுத்து, இருவது வருசத்துக்குப் பொறகு ரெண்டு பேருக்கும் நிக்காஹ் எழுதினா? அத நிப்பாட்ட அப்ப நீயும் நானும் உசிரோட இரிப்பமா?"

கோப்பை யோசனையை அந்தப் படியிலேயே விட்டுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் வேலையில் இருந்தேன். ஜும்மா நேரம், ஆய்வுகூடத்தில் நானும் ஒரு சிங்களத் தோழியும் மட்டும். சிறுவர் வார்டிலிருந்து அவசரமாக ஒரு சின்னக் குழாய் வந்தது. குழாயில் பிள்ளையின் பெயர் இல்லை. ‘குழந்தை’ என்றும், கீழே தாயின் பெயரும் எழுதியிருந்தது. அது மதினியின் பெயர். நான் கையுறையை மாற்றினேன். குழாயை இயந்திரத்தில் வைத்தேன். சோடியம் இருக்க வேண்டிய அளவுக்கு வெகு கீழே வந்தது. இயந்திரம் பிழை என்று நினைத்து, அதைச் சரிபார்க்கும் கட்டுப்பாட்டு மாதிரியை ஓட்டினேன். இயந்திரம் சரியாகத்தான் இருந்தது. மீண்டும் ஓட்டினேன். அதே எண். நீர்த்த பாலை நாட்கணக்கில் குடித்த பிள்ளையின் இரத்தத்தில் உப்பு குறைந்து, மூளை வீங்கி, வலிப்பு வரும் என்று நான் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி முழுப் புள்ளியும் எடுத்திருந்தேன். வார்டுக்குத் தொலைபேசியில் முடிவைச் சொன்னேன். வைத்த பிறகு அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதினேன்.

நடந்தது இதுதான். மதியம் நுஹாவின் கண் மேலே செருகி, ஒரு கை மட்டும் இழுத்திருக்கிறது. ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில் தொழுகையில். மதினியின் சத்தம் கேட்டு ராத்தா பக்கத்து மாடியிலிருந்து வெறுங்காலோடு ஓடியிருக்கிறார். மச்சான் அவசரத்துக்கென்று ஒரு போத்தல் பெற்றோல் ஒளித்து வைத்திருந்த இடம் ராத்தாவுக்குத் தெரியும். பள்ளி வாசலில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தொழுகையிலிருந்து மச்சானை எழுப்பி வந்தார். ஒரு பெண் அப்படிச் செய்ததைப் பற்றி ஊரில் கதை வந்தது. அதற்கு அவர் ஒருநாளும் பதில் சொல்லவில்லை.

வைத்தியர்களும் தாதிகளும் பிள்ளையை மீட்டார்கள். ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு வீட்டுக்கு விட்டார்கள். வலிப்பு இல்லை, ஆனால் நிறை ஏறவில்லை. பாலை நீர்க்க வைத்தால் அடுத்த முறை கொண்டு வரும்போது பிள்ளை இருக்காது என்று வைத்தியர் மாமியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். வார்டில் கொடுத்த பால்மாவை வீட்டுக்குத் தர அவர்களிடமும் இல்லை. கடைகளிலும் இல்லை. வண்டி எங்கள் மாடியடியில் வந்தவுடன் பெற்றோல் தீர்ந்தது. எல்லோரும் உம்மா இருந்த எங்கள் வீட்டுக்குள் வந்தோம். எனக்கு அன்று ஓய்வுநாள்.

நுஹா அழவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. மாமி தரையில் இருந்தபடி ராத்தாவிடம் கேட்டார்: "அஞ்சு தரம் குடிச்சாத்தானே? நாலு தரம் குடுங்க. நாலோட நிப்பாட்டுவம். அதுக்குள்ள எங்கயாவது ஒரு பெட்டி கிடைச்சிரும்."

ராத்தா அதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிஸ்மி சொல்லிப் பிள்ளையை எடுத்தார். நான் என் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். மாமி சொன்ன கணக்கைப் பிடிப்பதற்காக அல்ல. பலவீனமான பிள்ளை எவ்வளவு நேரம் உறிஞ்சுகிறது என்று எழுதி வைக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். ஆனால் எழுதும் ஒவ்வொரு வரியையும் மாமி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் புத்தகத்தை மூடிவிட வேண்டும் போலிருந்தது.

நாலாவது தடவை அஸர் தொழுகைக்குப் பிறகு முடிந்தது. நுஹாவின் உதட்டில் முதன்முறையாக நிறம் வந்திருந்தது. மாமி எழுந்து வந்து, "போதும் புள்ள, பெரிய உதவி" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டார். பெட்டி தேடிப் போன காக்கா வெறுங்கையோடு திரும்பியிருந்தார். அடுப்படியில் மாமி கஞ்சித் தண்ணீர் ஆற்றி வைத்திருப்பதை நான் கண்டேன்.

அந்தி மஃரிப் தொழுகைக்கு இன்னும் அரை மணி இருக்கும். நுஹா அழத் தொடங்கினாள். ஐந்து நாளாக அழத் தெம்பில்லாமல் இருந்த பிள்ளை, வயிற்றில் பால் பட்டதால் பசி என்று அழுதாள். முகத்தைத் திருப்பித் திருப்பி மாமியின் சட்டைத் துணியை வாயால் தேடினாள். மாமி போத்தலை வாயில் வைத்தார். அவள் துப்பினாள். மறுபடி வைத்தார். ராத்தா எதிரே இருந்தார். அவருடைய உடுப்பின் முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது. அவர் கையை நீட்டவில்லை. வாக்குக் கொடுத்தவர் அவர். அந்த வாக்கைத் தானாக முறிக்கும் உரிமை தனக்கில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மதினியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதினி எழுந்தார். கட்டி வெட்டிய பக்கத்தை ஒரு கையால் பிடித்தபடி வந்து, தன் உம்மாவின் கையிலிருந்து பிள்ளையை எடுத்தார்.

"உம்மா, எனக்கு மருமகன் ஒண்ணா. புள்ள வேணும்."

பிள்ளையை ராத்தாவின் மடியில் வைத்தார். நான் ஐந்தாவது வரியை எழுதினேன். என் கையெழுத்து அந்த ஒரு வரியில் மட்டும் வேறு யாருடையதோ போல் இருக்கிறது.

மாமி அறைக்குள் போய் மஃரிப் தொழுதார். வெளியே வர வெகுநேரம் ஆனது. வந்தவர் நேரே அடுப்படிக்குப் போய் அந்தக் கஞ்சித் தண்ணீரைக் கொட்டினார். இரண்டு நாள் கழித்து யாரோ தோணிக்காரரிடம் சொல்லி ஒரு பால்சுறா வாங்கி, பூண்டு போட்டுக் கறியாக்கி ராத்தாவுக்குக் கொண்டு வந்தார். சட்டியை வைத்துவிட்டு, "ரெண்டு புள்ளைக்கிக் குடுக்கிற ஆளு, நல்லாத் தின்னுங்க" என்றார். செய்தி கேட்ட மச்சான், தனக்கும் ஒரு மகளா, ஓட்டோவில் இனி இடம் காணாதே என்றார். அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். நீண்ட நாளைக்குப் பிறகு.

பயம் அதோடு போகவில்லை. இரண்டு பிள்ளைக்கும் பால் காணுமா என்று ராத்தா ஒவ்வொரு நாளும் பயந்தார். கிளினிக்கில் இரண்டு பிள்ளைகளின் நிறையும் அட்டையில் கோடாக ஏறுவதைப் பார்க்கும் வரை மூச்சுவிடமாட்டார். மதினியின் புண் ஆறியதும், நுஹாவை அவருடைய மார்பிலும் மாற்றி மாற்றி வைக்கச் செய்தார். இரண்டு மாதத்தில் மதினிக்கும் ஓரளவு பால் திரும்பியது. நுஹாவுக்கு ஒன்றரை வயதாகும் வரை இரண்டு தாய்மாரும் கொடுத்தார்கள்.

சென்ற மாரியில் ராத்தாவுக்கு டெங்கு வந்தது. முதல் இரண்டு நாள் சாதாரணக் காய்ச்சல் என்று தைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வார்டில் சேர்த்தோம். அவருடைய இரத்தக் குழாய்கள் ஆறு மணித்தியாலத்துக்கு ஒன்றாக என் மேசைக்கு வந்தன. எண்கள் இறங்கின. வேறு ஒருவர் பார்க்கட்டும் என்று மேலதிகாரி சொன்னார், நான் விடவில்லை. பார்க்காமல் இருப்பதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் கட்டிலருகே போனபோது, மாடித் தாங்கியின் மூடியை யாராவது சரியாகப் போட்டார்களா, அய்மனின் சப்பாத்து நனைந்ததே காய்ந்ததா என்று கேட்டார். பகல் பதினொரு மணிக்கு மௌத்தானார். முப்பத்து நான்கு வயது. ஜனாஸா அன்றே அஸருக்குப் பின் நல்லடக்கம் செய்யப்பட்டது.

நாற்பதாம் நாள் குர்ஆன் ஓதிய கத்தத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பெண்கள் இருந்த அறையில் அய்மனும் நுஹாவும் ஒரே பீங்கானில் சோறு தின்றார்கள். தூரத்து உறவான ஒரு மூத்த பெண் அதைப் பார்த்து, இது அய்மனின் உம்மா பேசி வைத்துப்போன ஜோடியல்லவா, மௌத்தானவரின் வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும் என்றார். இன்னும் இருவர் ஆமோதித்தார்கள். பிறந்த அன்று வார்டில் சொன்னதை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். பிறகு நடந்தது அவர்களுக்குத் தெரியாது. அன்பினால்தான் சொன்னார்கள். படியில் நின்று ராத்தா கேட்ட கேள்விக்கு, ராத்தா உயிரோடு இருக்கமாட்டார் என்ற பதில் வந்துவிட்டிருந்தது.

கதைத்தவர் மாமிதான். மூலையில் இருந்தபடி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அப்பிடிக் கதைக்காதீங்க. அதுகள் காக்காவும் தங்கச்சியும். அஞ்சு தரத்துக்கும் நான் பக்கத்தில இரிந்த. நிப்பாட்டப் பாத்ததும் நான்தான்."

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளின் பீங்கானில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

அன்று பார்த்த சாட்சிகள் இன்று நான்கு பேர்: உம்மா, மாமி, மதினி, நான். உம்மாவுக்கு மறதி கூடி வருகிறது. மாமிக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு. அதனால் குறிப்புப் புத்தகத்தில் உள்ளதை இங்கே அச்சில் பதிகிறேன். இந்தப் புத்தகத்தை வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

முதல் தடவை: காலை 10.40, இடப்பக்கம், களைத்து இரண்டு முறை நிறுத்தினாள், பிறகு வயிறாரக் குடித்தாள்.
இரண்டாவது: லுஹருக்கு முன், வலப்பக்கம், வயிறாரக் குடித்து உறங்கினாள்.
மூன்றாவது: 2.15, இரு பக்கமும்.
நாலாவது: அஸருக்குப் பின், வலப்பக்கம், தானாக விட்டாள்.
ஐந்தாவது: மஃரிபுக்கு முன், பெற்ற தாயே பிள்ளையை எடுத்து மடியில் கொடுத்தாள், இரு பக்கமும், வயிறாரக் குடித்தாள்.

அதன் பின் நான் எண்ணவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். நுஹாவை மீட்ட சிறுவர் வார்டு வைத்தியர்கள், தாதிகள்; ராத்தாவின் கடைசி மூன்று நாளும் இமை மூடாமல் பார்த்தவர்கள்; எங்கள் மருத்துவமாது; ஜனாஸாவைக் குளிப்பாட்டிய பெண்கள், சுமந்தவர்கள், கப்று தோண்டியவர்கள்; நாற்பது நாளும் அடுப்பு மூட்டவிடாமல் சோறு அனுப்பிய பக்கத்து மாடிக்காரர், ராத்தாவைப் படிக்கட்டில் ஏசிய அந்தப் பெண் உட்பட; என் வேலையைத் தன் மேல் போட்டுக்கொண்ட சிங்களத் தோழி. மதினிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அய்மன் இப்போது அவர் வீட்டில்தான் உறங்குகிறான். மாமிக்கு, அந்த அறையில் கதைத்ததற்காக.

ராத்தாவின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்றை விசாலமாக்கி வைக்குமாறு துஆ செய்யுங்கள். உங்களிடம் இன்னுமொரு வேண்டுகோள். உங்கள் மாடியில், உங்கள் வளவில், ஒரு குழந்தை பாலுக்குத் தவித்தால், உங்களிடம் பால் இருந்தால், முதலில் கொடுங்கள். யாருடைய மகன், யாருடைய மகள், நாளைக்கு யாருக்கு யார் என்பதையெல்லாம் பிள்ளை குடித்து உறங்கிய பிறகு ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரின் கையொப்பத்தோடு வைத்துவிடலாம். எழுதத் தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். நான் வந்து எழுதித் தருகிறேன்.

ராத்தாவின் தங்கச்சி